உட்காரத் தெரியாதவர்

உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்பது என்னைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் இருக்கிற புகார். நான் அதை மறுப்பதில்லை. கல்யாணமாகித் துடியலூருக்கு வந்த புதிதில், சமையல் முடிந்ததும் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மேற்கே மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் இருப்பேன். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. கேட்க ஆளில்லை. அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்துப் போர்ஷனில் அந்த அக்காவா வந்து வாய்க்க வேண்டும் என்று பலநாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு உட்காரத் தெரியாது. மிகைப்படுத்தவில்லை. சோறு தின்பது நின்றுகொண்டு, தட்டை இடது கையில் ஏந்தி, சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டு. வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டுப் போட்டால் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்ப்பார், கையில் தோசைக் கரண்டி இருக்கும். பேருந்தில் இடம் கிடைத்தாலும் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிற யாரையாவது கையைப் பிடித்து இழுத்து அங்கே உட்கார வைத்துவிடுவார். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. ரசவாளியைத் தூக்கிக்கொண்டு இலைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருப்பார். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, இவர் யார் வீட்டு ஆள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் செருப்பின் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சுவர் வழியாக என் தலைக்குள் நடக்கும். வீட்டுக்குள்ளும் செருப்புத்தான் அவருக்கு. வெறுங்காலில் நின்றால் பாதம் வலிக்குமாம். வலித்தால் உட்கார வேண்டியதுதானே என்று நான் ஒருமுறை கேட்டே விட்டேன்.

“உக்காந்தா இன்னும் எச்சா வலிக்கும் கண்ணு” என்றார், ஒரு கையால் துணி உலர்த்திக்கொண்டு. அதற்குமேல் அன்றைக்குச் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. நீல நிறம், முன்பக்கம் கம்பிக் கூடை. எங்கள் தெருவில் அப்போது வண்டி ஓட்டிய ஒரே பெண் அவர்தான். அவர் கணவர், கணபதி என்கிற ஏரியாவில், மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகத்தான் வண்டி வாங்கியது. சாப்பாட்டுக் கேரியர் போய்ச் சேர்வதற்குள் அந்த வண்டி யார் யார் வீட்டு மாவு, யார் யார் பிள்ளையின் மறந்துபோன ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் சுமக்கும். போதாக்குறைக்கு, தெருப் பெண்களுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையைத் தாமாக எடுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. வந்து கையைப் பிடித்து இழுப்பார்.

“ஏனுங் கண்ணு, சும்மாதான உக்காந்திருக்கறீங்க. வாங்க, வண்டி பழகலாம்.”

“எனக்கு வேண்டாங்க்கா. நான் எங்க போகப் போறேன்?”

“போறதுக்கு எடம் பொறவு கெடைக்கும். மொதல்ல ஏறுங்க.”

அவர் வெளியே கிளம்புகிற கோலத்தைப் பார்க்க வேண்டும். சேலைக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பித்தான். தலையில் ஈரிழைத் துண்டை முக்காடாகச் சுற்றி, அதற்குமேல் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி. முனை பேக்கரியில் டீ குடிக்கிற ஆட்கள் “என்னங்க்கா, எந்தக் கட்டடத்துக்குக் காங்கிரீட்டு?” என்று கேட்பார்கள். “உங்க ஊட்டுக்குத்தானுங்க, மாடி எடுக்கறீங்கல்ல?” என்று வண்டியை நிறுத்தாமல் பதில் சொல்லிவிட்டுப் போவார். வெயில் பட்டால் கறுத்துவிடுவோம் என்று பயப்படுகிற சாதி போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்த விதம் கொடுமை. பின்னால் ஓடி வருவார். “கீழ பாக்காதீங்க, போற எடத்தைப் பாருங்க! பிரேக்கு, பிரேக்கு!” ஒரு மாதம் பாடுபட்டு நான் பேக்கரிவரை போய்த் திரும்பி வருவேன், அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிகளைப் பார்த்ததும் காலைத் தரையில் ஊன்றிவிடுவேன். “இந்த ரோட்டை ஒருநாள் நீங்க தாண்டத்தான் போறீங்க” என்பார். அது நடக்காது என்று நான் திட்டவட்டமாக இருந்தேன்.

அவருக்கு நோய் இருப்பது எனக்குத் தெரியவந்தது ஒரு மார்கழிக் காலையில். தண்ணீர் பிடிக்கப் போனபோது அவர் குடத்தை முழங்கையால் இடுக்கித் தூக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கவில்லை. கணு ஒவ்வொன்றும் வீங்கிப் பளபளத்தது. நான் குடத்தை வாங்கப் போனேன், தரவில்லை.

“காத்தால இப்பிடித்தான் கண்ணு. நடக்க நடக்கச் செரியாயிரும்” என்றார். பிறகு குழாயடியிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். முதலில் வாதம் என்றார்களாம். பிறகு தோல் வியாதி என்று களிம்பு. கர்ப்பம் இரண்டுமுறை கலைந்தது. காய்ச்சல் வந்து வந்து போயிற்று. மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா மூக்கின் இருபுறமும் இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். லூபஸ் என்று பெயர் சொன்னார். வெயில் ஆகாது. அந்தச் சட்டையும் முக்காடும் அதற்காகத்தான்.

நான் காங்கிரீட்டுக் கேலியில் சேர்ந்து சிரித்தவள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அடுத்த குடத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கணவர் அதிகம் பேசாதவர். அந்த நோயைப் பற்றி அவரிடம் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றுவரை புரிகிற விளக்கம். “மோட்டாருக்கு வெளியிலிருந்து ஒண்ணும் வந்து கெடுக்கணும்னு இல்லீங்க. கம்பி மேல பூசியிருக்கற வார்னிஷ் போச்சுன்னா, கம்பியும் கம்பியும் தொட்டு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆயிரும். இவ ஒடம்பு இவளையே தாக்குதாமுங்க. இன்னிக்கு மூட்டு, நாளைக்குத் தோலு. எந்தப் பக்கம் எப்பப் பொகையும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க.” சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் உப்பி வட்டமானது. விஷயம் தெரியாதவர்கள் “இப்பத்தானுங்க பூசினாப்புல நல்லாயிருக்கறீங்க” என்றார்கள். அந்த மாத்திரைக்குப் பசியும் அதிகம், தூக்கமும் வராது, கைகால் சும்மா இருக்காது. ஏற்கனவே ஆடுகிற அக்காவுக்குச் சலங்கையும் கட்டிவிட்டது போலாயிற்று. அதை ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது, வெயில் கூடாது, ஓய்வு வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். வெயிலுக்குச் சட்டை போட்டார். ஓய்வு என்கிற மூன்றாவது மட்டும் வாசலோடு திரும்பிப் போய்விட்டது.

அவரை உட்கார வைப்பதை ஒரு வேள்வியாகச் செய்தவர் அவருடைய மாமியார். காங்கேயத்துக்காரர். தோட்டத்தையும் மாடுகளையும் தம் மைத்துனரிடம் விட்டுவிட்டு, மருமகளைப் பார்த்துக்கொள்ளவே இங்கே வந்து இருந்தார். அக்கா அவரை அத்தை என்று கூப்பிடுவார், நானும் அப்படியே கூப்பிடுவேன். பெற்ற மகளைப்போல் மருமகளைப் பார்த்துக்கொண்டார் என்று சொல்வது வெறும் வார்த்தை. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விரல் மடங்காத நாட்களில் அக்காவுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டியும் விடுவார், நின்றுகொண்டிருக்கிறவருக்கு அவரும் நின்றுகொண்டே.

“அம்மிணி, சித்த உக்கோரு.”

“இருங்க அத்தை, இதை முடிச்சுப்போட்டு வாரேன்.”

“நீ உக்காந்து நான் எப்பப் பாக்கறது? பட்டறையிலிருந்து உனக்குன்னே என்ற பையன் ஸ்டூல் கொண்டாந்து போட்டிருக்கறான். அதுக்கு மேல தண்ணிக் கொடத்தை வெச்சிருக்கறே.”

அது உண்மை. பட்டறையில் காயில் சுற்ற உட்காருகிற உயரமான மர ஸ்டூல். இறங்கவும் ஏறவும் மூட்டுக்குச் சிரமமில்லாமல் இருக்கும் என்று கணவர் கொண்டுவந்தார். அதன் மேல் எப்போதும் குடம்தான் இருக்கும்.

ஒருநாள் பேக்கரி முன்னால் இரண்டு டீயை வாங்கிக்கொண்டு நின்றோம். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் வண்டிமேல் கையை வைத்து நின்றார். நான் சும்மா இருக்க மாட்டாமல் திரும்பவும் கேட்டேன். அன்றைக்குச் சொன்னார்.

“ஆரம்பத்துல ஒருநாள் உக்காந்தேன் கண்ணு. மூட்டெல்லாம் புடிச்சுப் போய் எந்திரிக்க முடியல. அவரு பட்டறைக்குப் போயிட்டாரு. பக்கத்துல யாருமில்லை. சாயங்காலம் அவரு வந்து தூக்கிவிடற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். எல்லாத்துக்கும் அங்கயேதான். அன்னிக்கிருந்து உக்காந்தாப் பயமா இருக்குது. மோட்டாரு மாதிரி அப்பிடியே நின்னுபோயிருவனோன்னு.”

அன்றைக்குப் பிறகு சுவர் வழியாக வந்த செருப்புச் சத்தத்தைக் கேட்டு நான் எரிச்சல்பட்டதில்லை.

பங்குனியில் எங்கள் தெருவில் அம்மை போட்டது. கடைசி வீட்டுச் சிறுமிக்கு முதலில், பிறகு எதிர்வரிசையில் ஒரு வீட்டில். அந்தச் சமயத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முகமெல்லாம் செக்கச் சிவந்தது, கழுத்தில் மாரில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. அத்தை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே அண்ணத்தில் புண்கள்.

“வாயிக்குள்ளகூட முத்துப் போட்டிருக்குது. ஆத்தா வந்திருக்கறா” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வாசல் கதவில் வேப்பிலை ஏறியது. அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளே போகக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை அப்படித்தான். கணவர் பட்டறையிலேயே தங்கிக்கொண்டார். மதியம் வாசல்வரை வந்து நின்று, குரல் கொடுத்துவிட்டுப் போவார். நீல மொபெட் கொய்யா மரத்தடியில் நின்றது. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று நான் சுவருக்கு மேலே எட்டிச் சொன்னேன்.

“ஆத்தா வந்தா டாக்டர் கிட்டப் போவாங்களா, கண்ணு? கோவிச்சுக்குவா” என்றார் அத்தை. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது என் அம்மாவும் அதைத்தான் செய்தார்.

முதல் சில நாட்கள் சுவருக்கு அப்பால் நடை கேட்டது. வேகமாக, திரும்பித் திரும்பி. அடைத்து வைத்திருக்கிறார்கள், பாவம், வேறு என்ன செய்வார் என்று நினைத்தேன். நடையில் ஏதோ மாறியிருந்தது. இடையிடையே நின்றது. நின்ற இடத்தில் ஒரு முனகல். பிறகு மறுபடியும் நடை.

அப்புறம் ஒருநாள் சத்தமே இல்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதையோ மறந்துவிட்டது போலிருந்தது. எழுந்து அடுப்பைப் பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது. குழாயைப் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, சுவர் சும்மா இருக்கிறது.

வெளியே வந்தேன். அத்தை வாசலில் வேப்பிலையை மாற்றிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“இன்னிக்குத்தான் கண்ணு என்ற மருமக உக்காந்திருக்கறா. காத்தாலயிருந்து எந்திரிக்கவே இல்லை. ஆத்தா வந்துதான் அவளை அடக்கணும்னு இருந்திருக்குது பாரு.”

எதிர்வீட்டுப் பெண் தன் வாசலில் நின்றபடியே “நல்லதாப் போச்சுங்க. ஒடம்பு தேறுதுன்னு அர்த்தம்” என்றார். தெருவே அதற்குச் சந்தோஷப்பட்டது. அவர் உட்கார்ந்த செய்தி பேக்கரிவரை போயிருக்கும்.

எனக்கு மட்டும் பேக்கரி முன்னால் நின்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. உட்காரப் பயப்படுகிற ஒருத்தர் நடக்க முடிகிறவரை உட்கார மாட்டார். நான் பொடக்காலிப் பக்கம், புழக்கடை வழியாகப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

ஸ்டூலில் குடம் இல்லை. அக்கா உட்கார்ந்திருந்தார். தலையணையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப் பிடித்து, நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து. உடம்பு முழுக்க வியர்வை.

“அக்கா, படுத்துக்கலாமில்லீங்க?”

தலையை நிமிர்த்தாமல் பேசினார். “படுத்தா முதுகுல ஈட்டி பாயுது கண்ணு. இங்க வயித்துக்கு மேல புடிக்கறது அப்பிடியே முதுகுக்குப் போகுது. நிக்க முடியல. இப்பிடிக் குனிஞ்சாத்தான் மூச்சு உட முடியுது.” சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த சட்டியில் பச்சையாக வாந்தி எடுத்தார்.

நான் முன்வாசலுக்கு ஓடினேன். “அத்தை, இது அம்மை இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.”

“சூடு எறங்குது கண்ணு. வாந்தி வந்தா நல்லது.”

“நல்லதா? அவங்க உக்காந்திருக்கறாங்க! உங்க மருமக உக்காந்திருக்கறாங்கன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியலீங்களா?”

நான் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. பெரியவரிடம் கையை நீட்டிப் பேசியிருக்கிறேன். அவர் என்னையே பார்த்தார். முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல மெல்லப் போய், வாய் திறந்தபடி நின்றது. திரும்பி உள்ளே போனார். ஸ்டூல் பக்கத்தில் மண்டியிட்டு மருமகளின் முகத்தைக் கீழேயிருந்து பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

வீட்டில் போன் கிடையாது. பட்டறைக்கு யாராவது போக வேண்டும். கொய்யா மரத்தடியில் மொபெட் நின்றது. சாவி நிலைப்படி ஆணியில் இருந்தது. வேப்பிலையைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்தேன். தெய்வக் குற்றம் என்றால் என் தலையோடு போகட்டும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் மதிய வெயில். முன்னால் லாரி, பின்னால் பஸ். கீழே பார்க்காமல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். முகமெல்லாம் கண்ணீராக வந்து நின்றேன் என்று பட்டறையில் என்னைப் பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. அக்காவின் கணவர் என்னையும் வண்டியையும் பார்த்த உடனே, நான் வாயைத் திறக்கும் முன்பே, எரிந்துகொண்டிருந்த விளக்கைக்கூட அணைக்காமல் ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தபோது அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். அது எங்கள் தெருவில் ஒருத்தருக்கு இருக்கிறது, அது வீங்கும், வீங்கினால் ஆளையே கொண்டுபோகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு “அப்பிடின்னா என்னது கண்ணு? எங்க இருக்குது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வயிற்றுக்குப் பின்னால் என்று சொன்னேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். வாயில் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று இரண்டு டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் வயிற்று டாக்டர், வயதானவர். இன்னொருவர் அக்காவை முதலிலிருந்து பார்க்கிற டாக்டரம்மா. வயிற்று டாக்டருக்கு ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம். அந்த மாத்திரையே கணையத்தைப் புண்ணாக்குவதுண்டு, உடனே நிறுத்த வேண்டும் என்றார். டாக்டரம்மா அவசரப்படவில்லை. எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“மாத்திரையைச் சரியா சாப்பிட்டும் இது வந்திருந்தா, மாத்திரையையும் சந்தேகப்படணும். விட்டுப் போயிருந்தா, நோயே கணையத்துக்குப் போயிருக்குன்னு நான் நினைப்பேன். அப்ப நிறுத்தக் கூடாது, இன்னும் அதிகமாக் குடுக்கணும். மாத்தி முடிவு பண்ணினா ஆபத்து. மாத்திரை ஏதாவது விட்டுப் போச்சா?”

“இல்லீங்க டாக்டர், நேரந்தவறாம சாப்புட்டுட்டுத்தான் இருந்தா” என்றார் கணவர். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

டாக்டரம்மா குனிந்து அக்காவிடமே கேட்டார். அக்கா கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. காலடியில் நின்ற அத்தையைப் பார்த்தார். பிறகு குழாயோடு, தெளிவில்லாத குரலில், “சாப்புட்டனுங்க” என்றார்.

வயிற்று டாக்டர் தலையாட்டினார். நர்ஸிடம் ஏதோ சொல்லத் திரும்பினார்.

“இல்லீங்க சாமி” என்று ஒரு குரல் வந்தது. அத்தை கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “அவ பொய் சொல்றா. என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றா. காய்ச்ச வந்த அன்னிக்கே நாந்தானுங்க நிறுத்திப்போட்டேன். ஆத்தா வந்திருக்கறப்ப இங்கிலீஷ் மாத்திரை ஆகாதுன்னு அரிசிப் பானைக்குள்ள வெச்சுட்டேன். ஒண்ணுகூடக் குடுக்கலீங்க. என்ற பையனுக்குக்கூடத் தெரியாது. என்னை என்ன வேணா சொல்லுங்க சாமி, அவளுக்கு எது குடுக்கணுமோ அதைக் குடுங்க.”

மகன் அம்மாவைப் பார்த்தார். நான் அந்த ஒரு நொடிக்குப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் போய் அம்மாவின் கையைக் கம்பியிலிருந்து பிரித்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். “நல்லவேளை சொன்னீங்கம்மா” என்றார். அவ்வளவுதான். அந்தச் சிவப்பு அம்மை இல்லை, வாய்ப்புண்ணும் முத்து இல்லை, எல்லாம் லூபஸ்தான் என்றும், அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து என்றும் பிறகு பொறுமையாக விளக்கினார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனாலும் இந்த வழியில் போகலாம் என்று வயிற்று டாக்டரிடம் பேசினார். அவரும் ஒப்புக்கொண்டார். ஸ்டீராய்டு நரம்பு வழியாக ஏறியது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அக்கா மல்லாந்து கிடந்தார். நாங்கள் எல்லோரும் வராந்தாவில் நடந்தோம். நான், அத்தை, கணவர், மூன்று பேரும் மூன்று வேகத்தில். பெஞ்சு காலியாகவே கிடந்தது. நடந்தால் ஏதோ செய்துகொண்டிருப்பது போலிருந்தது. அக்கா வருஷக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று அந்த வராந்தாவில் எனக்குப் புரிந்தது.

ஒரு காலையில் நான் காப்பிப் பிளாஸ்க்கோடு மாடிப்படி ஏறும்போது செருப்புச் சத்தம் கேட்டது. சந்தேகமே இல்லை. வராந்தாக் கோடியில் அக்கா வந்துகொண்டிருந்தார். குளுக்கோஸ் ஸ்டாண்டை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, அதன் சக்கரம் கிறீச்சிட. பின்னால் நர்ஸ் கத்திக்கொண்டு ஓடி வந்தார். “யாரைக் கேட்டு எந்திரிச்சீங்க? உக்காருங்கம்மா!”

“இருங்க சிஸ்டர், அந்த ரூம் அம்மாவுக்குத் தண்ணி வேணுமாம், குடுத்துட்டு வாரேன்” என்றார் அக்கா. பல நாட்களாகத் தம் வாயில் தண்ணீர் படாதவர் அவர். நான் படியிலேயே நின்று அழுதேன். அத்தை என்னைத் தாண்டி ஓடிப்போய், மருமகளைக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போகாமல், ஸ்டாண்டைத் தாம் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் தலைகீழானது. எண்ணெய் இல்லாத சாப்பாடு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா ஓய்வு என்றால் ஓய்வு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் அக்கா அசந்து ஒரு நிமிடம் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால் போதும், அத்தையின் குரல் தெருமுனைவரை கேட்கும். “ஏனம்மிணி உக்காந்துட்டே? வலிக்குதா? எங்க, எந்திரிச்சு நட பாக்கலாம்!” அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து இரண்டு சுற்று நடந்து காட்டுவார். ஸ்டூல் மேல் அத்தை தம் கையாலேயே குடத்தைத் தூக்கி வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் பெருந்துறைப் பக்கம் நிறைய ஆலைகள் வந்தன. மோட்டார் வேலை அங்கே அதிகம் என்று பட்டறையை அங்கே மாற்றிக்கொண்டு போனார்கள். மொபெட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்துப் போர்ஷனுக்கு வேறு குடும்பம் வந்தது. அமைதியான மனிதர்கள், எனக்கு அவர்களைப் பிடிக்கவே இல்லை.

சில வருஷம் கழித்து ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண் பந்தியைத் தேடியது, ரசவாளி வைத்திருக்கிறவரைத் தேடியது. இல்லை. திரும்பினால், முன்வரிசை நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். சற்று முன்பக்கம் சாய்ந்து, மடியில் கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு.

மாலைத் தட்டோடு வந்தவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. அவர் முன்னால் போய் மண்டியிட்டு, அன்றைக்கு அத்தை பார்த்தது போலவே கீழேயிருந்து முகத்தைப் பார்த்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். முதலில் ஆச்சரியப்பட்டு, பிறகு புரிந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் கன்னத்தில் கையை வைத்தார். விரல்கள் கொஞ்சம் கோணியிருந்தன.

“ஒண்ணுமில்லை கண்ணு. சும்மா உக்காந்திருக்கறேன். நெசமாலுமே சும்மா” என்றார். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். “வாங்க, நீங்களும் உக்காருங்க. ஒரு காலத்துல நல்லா உக்காருவீங்களே.”

முகூர்த்தம் முடிகிறவரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றிருந்தேன்.